தோலின் கடன்

இலங்கை ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் தப்புச் சத்தம் இல்லாமல் மாரியம்மன் திருவிழா நடப்பதில்லை. பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் ஆற்றோரத்தில் கரகம் பாலிக்கும்போது முதலில் முழங்குவது தப்பு. சாமி வந்து ஆடுகிறவருக்கு வேகம் கொடுப்பது தப்பு. சாமி லயத்துக்கு லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்தோறும்) நின்று வரும்போது முன்னால் போவதும் தப்புத்தான். ஆனால் ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பியதும் பல இடங்களில் அது வாசலோடு நின்றுவிடும். உள்ளே குருக்களின் மணி, தவில், நாதஸ்வரம். நிற்கச் சொல்லி யாரும் பலகை எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள். வழக்கம் என்ற ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்டால் வழக்கத்துக்குப் பின்னால் மூன்று காரணங்கள் வரும்: அது மாட்டுத் தோல், அது சாவுக்கு அடிப்பது, அது ஆகமத்தில் சொல்லப்படாதது. மூன்றும் சமயத்தின் பேரில் சொல்லப்படுபவை. ஆகவே சமயத்தின் அளவுகோலைக் கொண்டே அவற்றை உரைத்துப் பார்ப்பதுதான் முறை. தப்புக்குக் கோயிலில் இடம் உண்டா என்பது ஒரு கோயில் கமிட்டி தீர்த்துவைக்கும் சில்லறைத் தகராறு போலத் தெரியலாம். உண்மையில் அதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் தூய்மை அந்தப் பொருளில் இருக்கிறதா, அதைத் தொடுகிற கையில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லாமல் வேறெங்காவது இருக்கிறதா?

முதலில், பறை என்றும் சொல்லப்படும் அந்தக் கருவியைப் பார்க்க வேண்டும். வட்டமாக வளைத்துப் பொருத்திய மரச் சட்டம். அதன் ஒரு பக்கம் மட்டும் இழுத்து ஒட்டிய தோல். தோளிலிருந்து வாரில் தொங்கவிட்டு, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சியும் வலக்கையில் தடித்த குட்டைக் குச்சியும் பிடித்து அடிப்பார்கள். அடிப்பதற்கு முன்பு வைக்கோலையோ காகிதத்தையோ சருகையோ கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்ட வேண்டும். மலைநாட்டுப் பனியிலும் மழையிலும் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தப்பு மந்தமாகத்தான் பேசும். சூடு போதுமா என்று விரலால் தட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி காட்டி, பதம் வந்த பிறகுதான் அடி தொடங்கும். அந்தப் பதம் நீண்ட நேரம் நிற்காது என்பதால் திருவிழா இரவு முழுக்கத் தப்புக்காரர்களுக்கு அருகே ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும். கரகத்துக்கு ஓர் அடி, சாமி அழைப்புக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, பிணம் எடுக்கும்போது வேறோர் அடி. கேட்ட மாத்திரத்தில் நல்லதா கெட்டதா என்று பக்கத்து டிவிசனுக்கே தெரிந்துவிடும். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, எழுப்பியதும் இதே தப்புத்தான். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று வந்த நெடுங்கவிதை அந்த விடியற்காலை முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. தெய்வத்துக்கும் சாவுக்கும் கூத்துக்கும் துரையின் கட்டளைக்கும் ஒரே கருவி குரல் கொடுத்திருக்கிறது. இத்தனை காரியங்களுக்கு உழைத்த ஒன்றுக்கு இது தூய்மையானது, இது தீட்டானது என்று ஒற்றை முத்திரை குத்துவது எளிதன்று.

முதல் காரணம் தோல். செத்த மாட்டின் தோல் கருவறைக்கு அருகே வரலாகாது என்ற விதி உண்மையிலேயே விதியாக இருந்தால் அது எல்லாத் தோலுக்கும் பொருந்த வேண்டும். தவிலின் இரண்டு முகமும் தோல். சபைகளில் தெய்வ வாத்தியமாகப் போற்றப்படும் மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேருகின்றன. அதைச் செய்து கொடுக்கும் குடும்பங்களைப் பற்றி பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல், மாட்டின் உடலிலிருந்து அந்தத் தோல் வாத்தியத்துக்கு வந்து சேரும் வழியையும், அந்த வழியில் உழைக்கும் கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் கைகள் என்பதையும் விரிவாகப் பதிவு செய்தது. தோலோடு இது முடியவில்லை. அபிஷேகத்துக்கு எடுக்கும் வலம்புரிச் சங்கு செத்த ஓர் உயிரின் கூடு. அம்மனுக்குச் சாத்தும் பட்டு, புழுவைக் கொன்று எடுத்த நூல். பூசைப் பொருள்களில் ஒன்றான கோரோசனை மாட்டின் வயிற்றிலிருந்து வருவது. தவம் செய்கிறவனுக்கு விரிப்பு மான்தோல். சிவனுக்கு உடை புலித்தோல், மேலே போர்வை யானைத் தோல். உயிர் போன உடம்பின் பகுதி என்பதே தீட்டானால் இவற்றில் ஒன்றுகூடக் கோயிலுக்குள் மிஞ்சாது. இவையெல்லாம் மந்திரத்தாலும் சடங்காலும் தூய்மை பெறுகின்றன என்று பதில் சொல்லலாம். பெறட்டும். அந்தச் சடங்கைத் தப்புக்குச் செய்ய எது தடுக்கிறது என்பதற்கு அந்தப் பதிலில் விடை இல்லை.

இந்தச் சிக்கலைச் சைவம் அறியாமல் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனும் நந்தனாரின் கதையைச் சொல்லும்போது அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனாரின் தொண்டு என்ன? கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுப்பது. வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பது. அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுப்பது. அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. ஆனால் அவர் கும்பிட்டது வாசலில் நின்றபடிதான். தில்லையில் தீயில் மூழ்கி, முனிவர் வடிவில் முந்நூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. இதைப் பக்தியின் வெற்றியாகப் படிப்பது மரபு. அந்த வாசிப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கதைக்குள் இருக்கும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். மாட்டின் தோல் எந்தத் தீக்குள்ளும் இறங்காமல் நேராகச் சன்னதிக்குப் போகிறது. மனிதனின் தோல்தான் எரிந்து மாற வேண்டியிருக்கிறது. பொருளுக்கு இல்லாத தீட்டு மனிதனுக்கு எப்படி வந்தது? பொருளிலிருந்து அது மனிதனுக்கு ஒட்டியிருக்க முடியாது, ஏனென்றால் பொருளில் அது இருந்ததே இல்லை. தோல்தான் காரணம் என்ற வாதத்தைச் சைவத்தின் சொந்தப் புராணமே உடைத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம் சாவு. தப்பு இழவு வீட்டில் அடிக்கப்படுவது, அதனால் மங்கலத்துக்கு ஆகாது என்பார்கள். ஆனால் இழவு வீட்டில் சங்கும் ஊதப்படுகிறது, சேகண்டியும் தட்டப்படுகிறது. பிணத்துக்கு முன்னால் சங்கு ஒலிப்பதை அமங்கலம் என்று உணர்கிற அதே காது, தீபாராதனையில் சங்கு ஒலிக்கும்போது கும்பிடச் சொல்கிறது. சங்கு விஷயத்தில் சந்தர்ப்பம் வேறு, கருவி வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்குத் தப்பு விஷயத்தில் மட்டும் அது தெரியாமல் போகிறது. இதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. சிவனை வணங்குகிற சமயம் சுடுகாட்டை அமங்கலம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் காட்டும் இறைவன் பேய்கள் சூழ, பிணம் எரியும் காட்டில் ஆடுகிறவன். அந்த ஆட்டத்துக்கு முழங்கும் மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று தோற்கருவிகளை அவர் வரிசையாக அடுக்குகிறார். சாவுப் பறையும் கோயில் முழவும் ஒன்றாகும் இடம் அது. தோட்டத்துக் காமன் கூத்தும் அந்த வழியில் வந்ததுதான். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, நாள்தோறும் தப்பும் உடுக்கும் ஒலிக்க, ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். பிறகு சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவான், ரதி அழுவாள், காமன் மறுபடி எழுவான். கல்யாணத்துக்கும் ஒப்பாரிக்கும் உயிர்த்தெழுதலுக்கும் தப்பு மாறவில்லை, அடிதான் மாறுகிறது. சாவைத் தொட்டதால் கெட்டுப்போன கருவி என்றால் காமனை எழுப்பும் அடியை அதில் எப்படி அடிப்பது?

மூன்றாவது காரணம் ஆகமம். ஆகமங்களுக்குத் தோட்டக் கோயில்களில் எவ்வளவு இடம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லும் சூலமும் வைத்துத் தொடங்கிய வழிபாடுகள்தாம் அவற்றில் மிகப் பல. ஆகமத்தின் தத்துவத்தையே எடுத்துக்கொண்டாலும் வாதம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. சைவ சித்தாந்தத்தில் நாதம் சுத்தமாயையில் தோன்றும் தத்துவம். மலம் தோய்ந்த உலகத்துக்கு முன்னால் நிற்பது. ஒலியின் மூலம் அங்கே என்றால் ஒலி எழுப்பிய தோலின் அழுக்கு அதில் ஒட்டுவது எப்படி? பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாத்திரமான உண்மை விளக்கம் நடராசரின் திருமேனிக்குப் பொருள் சொல்லும்போது, படைத்தல் தொழிலை அவர் கையிலுள்ள துடியில் வைக்கிறது. உலகம் பிறப்பது ஒரு தோற்கருவியிலிருந்து. அந்தத் துடியை அடிக்கும் துடியனையும் பறையனையும் பாணனையும் கடம்பனையும் தவிர வேறு குடி இல்லை என்று புறநானூற்றின் 335-ஆம் பாட்டு சொல்கிறது. மார்கழி முப்பது நாளும் திருப்பாவை பாடுகிறவர்கள் ஆண்டாளோடு சேர்ந்து கண்ணனிடம் கேட்பதும் பறைதான். உரையாசிரியர்கள் அதற்குத் தொண்டு என்று உட்பொருள் சொல்வார்கள், சரிதான். ஆனால் உட்பொருளைத் தாங்க ஆண்டாள் தேர்ந்தது வீணையை அன்று. நூலில் பறையைக் கேட்டுப் பாடிவிட்டு வாசலில் தப்பை நிறுத்துவதற்கு ஆகமத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மூன்று காரணங்களும் விழுந்த பிறகு மிஞ்சுவது ஒன்றுதான்: அடிக்கிற ஆள். பெருந்தோட்ட மக்களில் பெரும்பகுதி தமிழகத்தில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். ஆள் சேர்த்த கங்காணி முறை அவர்களை மட்டுமன்றி அவர்களுடைய படிநிலையையும் சேர்த்தே கப்பலேற்றியது. மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து ஆர். ஜெயராமன் 1975-இல் வெளியிட்ட நூல் இந்தத் தொடர்ச்சியைத்தான் காட்டியது. எல்லாரும் ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்தார்கள், ஒரே பெரட்டில் நின்றார்கள். வேலையில் சாதி தளர்ந்தது, ஆனால் சடங்கில் தங்கிவிட்டது. தப்பு அடிப்பவர் யார் என்பது அந்தச் சடங்குப் படிநிலையின் ஓர் அடையாளம். இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழந்தமிழரிடம் பறையடிப்போரின் தனி நிலை இழிவிலிருந்து வந்ததன்று, அச்சத்திலிருந்து வந்தது என்று தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் வாதிட்டிருக்கிறார். ஆபத்தான தெய்வ சக்தி குடியிருந்த கருவி முரசு. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் தனியே வைக்கப்பட்டார்கள் என்பது அவர் கருத்து. அரசனின் முரசுக்குக் கட்டில் இருந்தது, நீராட்டு இருந்தது, பலி இருந்தது. நீராடப் போன முரசின் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரைக் கொல்லாமல் சேரமான் விசிறி வீசியதே பாடத்தக்க செய்தியானது. இந்த வாதம் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்றைய ஒதுக்கம் அந்தப் பழைய அச்சத்தின் எச்சம்கூட அன்று, அதன் தலைகீழ். அஞ்சி விலகியவர்கள் கருவிக்குக் கட்டில் போட்டார்கள். நாம் அதை வாசலில் நிறுத்துகிறோம். தெய்வத்தன்மையை எடுத்துவிட்டு விலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது பிற்காலம்.

தீட்டு பொருளில் இல்லை என்று நிறுவிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. புனிதம் எதில் இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. இதற்கு உதவும் ஒரு சிந்தனை தொலைவில், கொரியாவின் பௌத்த ஆலயங்களில் இருக்கிறது. ஹேயின்சா போன்ற பெரிய மடங்களில் காலையும் மாலையும் நான்கு கருவிகள் ஒலிக்கின்றன. பொப்கோ எனும் பெரிய முரசு, மொகோ எனும் மரமீன், உன்பான் எனும் மேக வடிவத் தகடு, பொம்ஜோங் எனும் பெருமணி. மரமீன் நீர்வாழ் உயிர்களுக்கு. மேகத் தகடு பறவைகளுக்கு. மணி நரகத்தில் தவிப்பவர்களுக்கு. முரசு நிலத்தில் நடமாடும் விலங்குகளுக்கு. அவற்றின் துயர் தீர அது முழங்குகிறது. அந்த முரசுக்குப் போர்த்துவதோ விலங்கின் தோல். ஒரு முகத்துக்குக் காளையின் தோல், மறு முகத்துக்குப் பசுவின் தோல் என்பது மரபு. கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட சமயம், உயிர் நீத்த மாட்டின் தோலைச் சன்னதிக்கு முன்னால் தொங்கவிட்டு, அந்த மாட்டின் இனத்துக்கே விடுதலை வேண்டி அடிக்கிறது. இது முரண்பாடு என்று ஒருவர் சிரிக்கலாம். கடனை ஒப்புக்கொள்ளுதல் என்று எனக்குப் படுகிறது. இந்த ஒலி ஓர் உயிரின் உடம்பிலிருந்து வருகிறது. ஆகவே முதலில் அந்த உயிருக்கே அது சேர வேண்டும். தோலின் மூலத்தை மறைத்தால் புனிதம் வராது, அதை நினைத்தால்தான் வரும் என்பது அந்த முரசின் தத்துவம். அங்கே தோலைத் தொட்டு அடிப்பதும் வெளியிலிருந்து கூலிக்கு வந்தவர் அல்லர். துறவிதான், மாறி மாறி, தம் கையால்.

ஆனால் கொரியாவை உத்தமர் தேசமாக்கிவிடக் கூடாது. அங்கும் கன்பூசியச் சடங்கு மரபு உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரை, மண், தோல், மரம் என்ற எட்டு மூலங்களின் ஒலியும் கூடினால்தான் வழிபாட்டிசை நிறைவு என்றது. சியோலிலுள்ள ஜோங்மியோ அரச முன்னோர் ஆலயத்தின் சடங்கில் கற்பலகை வரிசையும் மணிவரிசையும் முரசும் இன்றும் ஒன்றாக ஒலிக்கின்றன. தோலை ஏற்ற அந்தச் சமூகம் தோல் பதனிட்டவனை ஏற்கவில்லை. மாடறுப்போரும் தோல் பதனிடுவோரும் பெக்ஜோங் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். 1894-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சட்டத்தில் அந்த இழிவை நீக்கியது, நடைமுறையில் நீங்கவில்லை. அதனால்தான் 1923-இல் ஜின்ஜு நகரில் அவர்கள் ஹியோங்பியோங்சா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்க வேண்டி வந்தது. நந்தனாருக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தது. ஆகவே கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தானாக யாரையும் விடுவிப்பதில்லை. கடனை மாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, அந்த மாட்டை உரித்த மனிதனுக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அது பாதிக் கடன்தான். அதே நாட்டில் இன்னொரு வழியும் இருந்தது: கிராமத்து உழவர்களின் நொங்கக். ஊராரே ஜாங்கு மத்தளத்தையும் புக் முரசையும் எடுத்துக்கொண்டு, ஊர்த் தெய்வத்தின் மரத்தடியில் தொடங்கி, வீடு வீடாகப் போய், கிணற்றடியிலும் அடுப்படியிலும் நின்று அடிப்பார்கள். எந்த வாசலிலும் அந்த முரசு நிற்க வேண்டியதில்லை. அடிப்பவன் அந்த ஊரின் உழவனாக இருப்பதே காரணம்.

தொலைதூரம் போக வேண்டாம், பதுளை நகரத்துக்குள்ளேயே இதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. முதியங்கணை ரஜமகா விகாரையில் தவுலும் தம்மெட்டமும் ஹொரணையும் சேர்ந்த ஹேவிசி ஒலிப்பது புத்தருக்குச் செய்யும் ஒலிப் பூசை. பூவும் விளக்கும் போல ஒலியும் ஒரு காணிக்கை. ஆனால் தேரவாதத் துறவிகளுக்கு இசையிலிருந்து விலகும் சீலம் உண்டு. அவர்கள் அடிக்க மாட்டார்கள். அடிப்பது மரபாகப் பெரவா சாதியினர். சிங்களச் சமூகத்தில் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்கள். அவர்கள் இல்லாமல் பெரஹர ஊர்வலம் நகராது. ஆனாலும் அந்த இன்றியமையாமை அவர்களுக்கு மதிப்பாக மாறவில்லை. கோயிலில் குருக்கள் தவிலைத் தொடுவதில்லை, விகாரையில் பிக்கு தவுலைத் தொடுவதில்லை. தோட்டத்தில் கமிட்டித் தலைவர் தப்பைத் தொடுவதில்லை. இரண்டு மொழி, இரண்டு மதம், ஒரே ஏற்பாடு: ஒலியின் பலன் எல்லாருக்கும், தோலைத் தொடும் பாரம் ஒருவருக்கு. மதங்கள் வேறுபட்டும் இந்த ஏற்பாடு மாறாததைப் பார்க்கும்போது, இதற்கு வேர் எந்த மத நூலிலும் இல்லை, சமூகத்தில்தான் இருக்கிறது என்ற முடிவு வலுப்படுகிறது.

இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறவர்களிடமிருந்தே கடுமையான மறுப்பு வரும். தப்பு ஓர் அடிமைச் சின்னம். அதைக் கோயிலுக்குள் கொண்டுவந்து புனிதப்படுத்துவது விலங்குக்குத் தங்கம் பூசுவது. அதை விட்டுத் தொலைப்பதே விடுதலை என்பார்கள். இதை எளிதில் தள்ள முடியாது. 1927-இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களைச் செத்த மாட்டை இழுக்கும் வேலையை விடச் சொன்னார். அதில் கிடைத்த வருமானத்தைவிட அதில் போன மானம் பெரிது என்ற கணக்கு அது. தோட்டங்களிலும் சாவுக்குத் தப்பு அடிக்க மறுக்கும் இளைஞனுக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. அவனை அழைத்துக் கலையின் பெருமை பேசுவது அநியாயம். ஆனால் மறுக்கும் உரிமையும் அடிக்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒழிக்க வேண்டியது கட்டாயத்தை. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை மேடையேற்றியபோது, இழவுக்கு அடிக்க ஆண்களை மட்டும் பணித்த பழைய ஏற்பாடு ஒரே அடியில் குலைந்தது. யார் அடிக்கலாம், எங்கே, எதற்காக என்பதை அடிப்பவரே தீர்மானித்தபோது அதே தோல் வேறு பொருள் கொண்டது. கோயிலிலும் அதுவே நிபந்தனையாக இருக்க வேண்டும். சாதி பார்த்து ஒருவரை அடிக்கச் சொல்லும் கோயில், தப்பை உள்ளே அழைத்தாலும் தீட்டைத்தான் அழைத்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு கமிட்டிகளின் பக்கமிருந்து வரும். இந்த நாட்டில் எங்களைக் கூலிகள் என்றார்கள், 1948-இல் நாடற்றவர்கள் ஆக்கினார்கள். கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகம் செய்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ளது போன்ற ஒரு கோயிலை நாங்கள் கட்டிக்கொண்டது எங்கள் மானத்துக்காக. தப்பு அந்தப் பழைய நிலையை நினைவூட்டுகிறது என்பார்கள். இந்த உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் தம் மக்களில் ஒரு பகுதியை வாசலில் நிறுத்தி வாங்கும் மானம், துரை நமக்குச் செய்ததை நாமே நம்மவருக்குச் செய்து பெறும் மானம். மூன்றாவதாக, அகிம்சையின் பேரில் வரும் மறுப்பு உண்டு: தோலே வேண்டாம், ஃபைபர் முகம் போட்டால் பனியிலும் தொய்யாது என்பது. அதில் எனக்குப் பிணக்கில்லை. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து அதைச் சொன்னால் அது நியாயமான நெறி. தப்புக்கு மட்டும் சொன்னால் பழைய விலக்கத்துக்குப் புதிய உடுப்பு. தோலும் இல்லை, சாதியும் இல்லை, கூலியும் இல்லை என்று மோட்டாரில் ஓடும் மேளப்பெட்டியை நாடும் கோயில்கள் ஒரு படி மேலே போகின்றன. சுவிட்ச் போட்டால் மணியும் முரசும் தாமாக அடிக்கும். தீட்டு என்ற கணக்கில் அதைவிடச் சுத்தமான வாத்தியம் இருக்க முடியாது. ஆனால் அதில் யாருடைய காணிக்கை இருக்கிறது? அபிஷேகத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் போவதற்கு யாரும் துணியமாட்டார்கள். ஒலி விஷயத்தில் துணிந்தது, அடிப்பவரின் உழைப்பை என்றுமே காணிக்கையாக நாம் எண்ணாததால்தான். அந்தப் பெட்டி தூய்மைவாதம் போய்ச் சேரும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மனிதனை நீக்கினால்தான் நிறைவடையும் தூய்மை அது.

ஆகவே புனிதம் ஒரு பொருளின் குணம் அன்று. கடன் தீர்க்கும் ஒரு முறை. ஒலிக்கு உடம்பு தந்த உயிர், அதை உரித்துப் பதனிட்ட கை, பனியில் தீ மூட்டிப் பதம் பார்த்து விடியும்வரை அடித்த கை, இந்த மூன்றுக்கும் கடனை ஒப்புக்கொள்ளும் வழிபாடே தூய்மையான வழிபாடு. அந்த அளவில் பார்த்தால் தப்பு கோயிலுக்குள் அனுமதி கேட்டு நிற்கும் கருவியாக இல்லை. கோயிலின் கணக்கில் வெகு நாளாக நிலுவையில் இருக்கும் வரவு அது. இதற்குப் புதிய சாத்திரம் வேண்டாம். தவில்காரருக்குக் கொடுக்கும் கூலியும் இருக்கையும் தப்புக்காரருக்கும் கொடுப்பது, கரகம் பாலிக்கும் நாளில் கமிட்டித் தலைவருக்குக் கட்டும் பரிவட்டத்தை அவருக்கும் கட்டுவது, வாசலோடு நிற்கும் அடியைத் தீபாராதனை வரை கொண்டுபோவது, தப்பு பழக விரும்பும் எந்தப் பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ, கோயில் மண்டபத்திலேயே பழக்குவது. இவற்றில் எதையும் தடுக்க ஆகமத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது என்று மேலே கண்டோம். கடைசியில் சொன்னதுதான் முதலில் நடக்க வேண்டியது. ஒரு குடியின் கையில் மட்டும் இருக்கும்வரை தப்பு சாதியின் கருவியாகத்தான் இருக்கும். எல்லாக் கையும் தோலைத் தொட்ட பிறகு, தீட்டு என்று சுட்டிக்காட்ட ஆள் மிஞ்சாது.